ஆளைப் பார்த்து ஆட்டத்தை எடு!



இந்த வருடம் மாணவர் பேரவை என் தலையில் கட்டிய பொறுப்பு, விடுதிப் பொது அறைக்கு உள்விளையாட்டுச் சாமான்கள் வாங்குவது. "நீதானே விளையாட்டுச் செயலாளர், நீயே பார்த்து வாங்கிடு" என்று பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பணம் கைக்கு வந்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். நான்கு செஸ் போர்டு, ஒரு ஸ்கிராபிள், ஒரு பிசினஸ். வாங்கி வந்து அலமாரியில் அடுக்கிவிட்டு, ஏதோ அணை கட்டி முடித்தவன் போல இடுப்பில் கை வைத்து நின்றேன்.

ஏன் நான்கு செஸ் போர்டு? காரணம் இருந்தது. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்த் நம்ம ஊர்க்காரர். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நம் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அப்படிப்பட்ட மண்ணில் நம் விடுதி மட்டும் சும்மா இருக்கலாமா? அறிவு வளர வேண்டாமா?

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மூன்று போர்டு மேல் தூசி. நாலாவது போர்டைத் திருப்பிப் போட்டு அதன் மேல் யாரோ சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அதற்கடுத்த வாரம் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. அன்றைக்குச் சிரித்ததுதான் தப்பே. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த மழை ராத்திரி

நவம்பர் மாதம். மைதானம் முழுக்கத் தண்ணீர். எல்லோரும் பொது அறையில். நான் பெருமையாக ஸ்கிராபிளை எடுத்துப் பரப்பினேன். ஆட நான்கு பேர், வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர். நாலாவது ஆளாக ஒரு முதலாம் ஆண்டுத் தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன். தமிழ் மீடியத்தில் படித்தவன். விடுதிக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் யாரோடும் அதிகம் பேசாதவன். "வாடா, ஜாலியா இருக்கும்" என்று இழுத்து வந்ததே நான்தான்.

ரொம்ப நேரம் யோசித்து ஒரு வார்த்தை வைத்தான். ஸ்பேனர். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு 'என்' வேண்டும். அவன் ஒன்றுதான் வைத்திருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல்: "மூணு மாசமா ஒர்க்‌ஷாப்ல அதைத்தானே புடிக்கிற, அதுக்கே எழுத்து தெரியலையா?" அறையே சிரித்தது. அவன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டான். அடுத்த முறை வந்ததும், "நான் பாஸ்ணா" என்றான். அதற்கடுத்த முறையும் பாஸ். அப்புறம், "தலைவலிக்குது" என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மெஸ்ஸில்கூட எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு வந்து சாப்பிட்டான்.

அன்றைக்குப் பிறகு எனக்கு ஒரு கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. தப்பு அவன் எழுத்தில் இருந்ததா, நான் எடுத்த ஆட்டத்தில் இருந்ததா?

லேத் மிஷின் முன்னால் நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஜாபைப் பார்க்கிறோம். இரும்பா, பித்தளையா, எவ்வளவு கனம், எவ்வளவு நீளம் என்று பார்த்த பிறகுதான் டூலையும் வேகத்தையும் முடிவு செய்கிறோம். டூலை முதலில் மாட்டிவிட்டு அதற்கேற்ற ஜாபைத் தேடுவதில்லை. ஆனால் ஆட்டம் என்று வந்தால் எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறோம். பெட்டியை எடுக்கிறோம், பிறகு ஆளைத் தேடுகிறோம். நான் செய்ததும் அதுதான்.

அதற்குப் பிறகு நான் பார்த்தும், கேட்டும், கையைச் சுட்டுக்கொண்டும் கற்றதை ஐந்து கேள்விகளாகச் சுருக்கித் தருகிறேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இந்த ஐந்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி 1: எத்தனை தலை?

இது என்ன பெரிய கேள்வி என்று நினைக்காதீர்கள். பாதி ஆட்டங்கள் கெடுவது இங்கேதான். செஸ், ஆடு புலி ஆட்டம், பல்லாங்குழி எல்லாம் இரண்டு பேருக்கு. கேரம் இரண்டு பேர் அல்லது நான்கு பேர். லூடோ, ஸ்கிராபிள் இரண்டிலிருந்து நான்கு. தாயம் இரண்டு பேரும் ஆடலாம், நான்கு பேரும் ஆடலாம். லண்டன் நகர வரைபடத்தில் ஆளைத் துரத்தும் ஸ்காட்லாந்து யார்டு மூன்றிலிருந்து ஆறு பேர்.

இப்போது கவனியுங்கள். நம் அறைகளில் சேருவது பெரும்பாலும் ஐந்து பேர்! நாலு பேர் ஆட, ஐந்தாவது ஆள் கட்டிலில் உட்கார்ந்து போனை நோண்டுவான். "நீ அடுத்த ஆட்டம் வாடா" என்போம். அந்த அடுத்த ஆட்டம் வரவே வராது.

இன்னொன்று. பெட்டியில் நான்கு பேர் என்று போட்டிருந்தால் நான்கு பேர் ஆட முடியும் என்றுதான் அர்த்தம். நான்கு பேருக்கும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கணக்குப் போடுவோம். ஸ்கிராபிளில் ஒருவன் வார்த்தை தேட மூன்று நிமிடம் எடுத்தால், நான்கு பேர் ஆட்டத்தில் தன் முறை திரும்பி வர ஒன்பது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்த ஒன்பது நிமிடத்தில் கை தானாக போனுக்குப் போகும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து இரண்டு அணியாக ஆடினால் காத்திருப்பு மூன்றே நிமிடம். அந்த மூன்று நிமிடமும் ஜோடியோடு குசுகுசுவென்று பேசுவதிலேயே ஓடிவிடும்.

கேள்வி 2: எவ்வளவு நேரம்? வெளியே போனவன் என்ன செய்வான்?

மெஸ் மணி அடிக்க அரை மணிதான் இருக்கிறது. அப்போது பிசினஸ் போர்டை விரிப்பவனை என்னவென்று சொல்வது! கேரமில் ஒரு போர்டு பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் நஷ்டமில்லை. பிசினஸ் அப்படியல்ல. ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க ஓடும். அதைவிடப் பெரிய சிக்கல், அதில் ஆட்கள் ஒவ்வொருவராகத் திவாலாகி வெளியே போவார்கள். எங்கள் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் திவாலானவன் வெளியேறிய பிறகும் ஆட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. அவன் எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான் அன்று அவன் ஆடிய ஆட்டம்.

இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் பிசினஸ், அமெரிக்காவின் மோனோபோலியைப் பார்த்துச் செய்தது. மோனோபோலிக்கு மூலம், லிஸ்ஸி மேகி என்ற பெண்மணி 1904-ல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம். நிலத்தை ஒருவர் கையில் சேர்த்துக்கொண்டு வாடகை வாங்கினால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்று மக்களுக்குப் புரியவைக்கத்தான் அவர் அதைச் செய்தார். பின்னால் 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மோனோபோலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பாடம் மறைந்து, ஓட்டாண்டி ஆக்குவதே வெற்றி என்று ஆகிவிட்டது. ஆகவே அந்த ஆட்டத்தில் ஒருவன் முகம் வாடினால் அவனுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லாதீர்கள். வாட வைப்பதற்கென்றே கட்டப்பட்ட ஆட்டம் அது!

அதற்காகப் பிசினஸைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு சின்ன விதி சேர்த்தால் போதும். "ஒரு மணி நேரம், அலாரம் அடித்ததும் நிறுத்தம். கையில் பணமும் இடமும் அதிகம் உள்ளவன் ஜெயித்தான்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் யாரும் திவாலாவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

1995-ல் ஜெர்மனியில் கிளாஸ் டொய்பர் என்பவர் வெளியிட்ட கேட்டன் என்ற ஆட்டம் உலகம் முழுக்கப் பரவியது. அதிலும் நிலம், சாலை, வீடு எல்லாம் உண்டு. ஆனால் யாரும் பாதியில் வெளியேற்றப்படுவதில்லை. ஒருவர் 10 புள்ளி எடுத்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் முடிகிறது. கடைசியில் இருப்பவனும் கடைசி வரை பலகை முன்னால்தான் இருக்கிறான். வித்தியாசம் புரிகிறதல்லவா?

கேள்வி 3: மூளையா, அதிர்ஷ்டமா?

ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையில் பரமபதம். அதில் நாம் முடிவு செய்ய எதுவுமே இல்லை. பகடை சொன்னபடி ஏணியில் ஏறுவோம், பாம்பு வாயில் விழுவோம். மறு முனையில் செஸ். அதில் பகடையே இல்லை. எல்லா ஆட்டமும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது.

குழுவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே திறமை என்றால் மூளைப் பக்கம் போகலாம். ஒருவன் மாவட்ட அளவில் ஆடியவன், இன்னொருவன் நேற்றுத்தான் குதிரை எப்படி நகரும் என்று கற்றவன் என்றால்? நூறு ஆட்டம் ஆடினாலும் நூறும் ஒரே பக்கம்தான் போகும். அங்கே கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்த ஆட்டம் நல்லது. அதிர்ஷ்டம் என்பது சோம்பேறிகளின் ஆட்டம் என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது சொல்கிறேன், பலம் குறைந்தவனுக்கும் ஒரு நாள் கொடுக்கும் ஏற்பாடு அது.

ஆனால் அதிர்ஷ்டமும் ஆளை நோகடிக்கும். தாயத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. ஆக மொத்தம் 4 x 4 = 16 விதமாக விழலாம். காய் இறங்கத் தாயம் வேண்டும். அதாவது ஒரு கட்டை வெறுமை, இன்னொன்றில் ஒரு புள்ளி. 16-ல் இரண்டே வழி. எட்டில் ஒரு பங்கு! இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது 16-ல் ஒன்றுதான்.

எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் நிச்சயம் ஒரு தாயம் விழுமா? விழாது. ஒவ்வொரு முறையும் விழாமல் போக எட்டில் ஏழு வாய்ப்பு. அதை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், 0.34 வரும். அதாவது நூறு பேர் ஆளுக்கு எட்டு முறை உருட்டினால் சுமார் 34 பேர் தாயத்தையே கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதும் இதே கதைதான். அங்கே ஆறில் ஒன்று, ஆறு முறை உருட்டியும் விழாதவர்கள் நூற்றுக்குச் சுமார் 33 பேர். நாலு பேர் ஆடினால் அதில் ஒருவன் "எனக்கு மட்டும் ஏண்டா விழமாட்டேங்குது" என்று புலம்புவது ராசியால் அல்ல. கணக்கே அப்படித்தான்!

அதனால் நாங்கள் ஒரு விதி வைத்தோம். ஐந்து சுற்று தாயம் விழாதவனுக்கு ஒரு காய் தானாக இறங்கும். "பாட்டி காலத்து விதியை மாத்தலாமா?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். அந்த ஐந்தாவது சுற்றில் இலவசமாக இறங்கியது அவன் காய்தான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

செஸ்ஸையும் சமன் செய்யலாம். வல்லவன் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடலாம். பலமுள்ளவர் காயை விட்டுக்கொடுத்து ஆடுவது செஸ்ஸில் பழைய வழக்கம்தான். அல்லது போனில் கடிகாரம் வைத்து, அவனுக்கு மூன்று நிமிடம், புதியவனுக்குப் பத்து நிமிடம் என்று வைக்கலாம். கேவலம் ஒன்றுமில்லை. ஓட்டப் பந்தயத்தில் தம்பியைப் பத்தடி முன்னால் நிற்க வைப்பதில்லையா?

கேள்வி 4: ஆட்டம் என்ன கேட்கிறது?

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒவ்வொரு ஆட்டமும் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. கேரம் விரலைக் கேட்கிறது. தாயம் பொறுமையைக் கேட்கிறது. செஸ் நாலு நகர்வு முன்னால் பார்க்கச் சொல்கிறது. ஸ்கிராபிள்? ஆங்கிலம் கேட்கிறது.

ஸ்கிராபிளைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரெட் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டிடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர். எந்த எழுத்து எத்தனை வேண்டும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முடிவு செய்ய அவர் ஆங்கிலச் செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எழுத்துகளை எண்ணினார். 'ஈ' அடிக்கடி வருகிறது, ஆகவே 12 வில்லை, ஆளுக்கு ஒரு மதிப்பெண். 'க்யூ' அபூர்வம், ஆகவே ஒன்றே ஒன்று, 10 மதிப்பெண். மொத்தம் 100 வில்லை. எவ்வளவு அழகான வேலை! நம் ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடத்துக்கே உதாரணமாகச் சொல்லலாம்.

ஆனால் யோசியுங்கள். ஆங்கிலப் பேப்பர் படித்து வளர்ந்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதைத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு, பத்துப் பேர் பார்க்க, நான் மாட்டிவிட்டேன். பகலெல்லாம் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தோடு போராடுகிறவன் சாயங்காலம் எதற்கு விளையாட வருகிறான்? அதை ரெண்டு மணி நேரம் மறக்கத்தான். நான் அவனை விளையாடக் கூப்பிடவில்லை, இன்னொரு பரீட்சைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, புது ஆள் இருக்கும்போது முதலில் இதைக் கேளுங்கள்: இந்த ஆட்டம் கேட்கும் பொருள் எல்லோர் கையிலும் இருக்கிறதா? இல்லாதவன் ஒருவன் இருந்தால் வேறு ஆட்டம் எடுங்கள். அல்லது இருப்பவனோடு அவனை ஜோடி சேருங்கள்.

கேள்வி 5: தோல்வி யார் தலையில்?

தனித்தனியாக ஆடினால் தோற்றவன் தனியாகத் தோற்கிறான். ஜோடியாக ஆடினால் தோல்வி பாதியாகிறது. கேரமின் பெருமை இதுதான். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. நான்கு பேரில் முதல் ஆளையும் கடைசி ஆளையும் சேர்த்து, நடுவில் உள்ள இருவரைச் சேர்த்துவிட்டால் ஆட்டம் தராசு போல நிற்கும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் ஒரு ரெட். ரெட்டை வல்லவன் போட்டு, ஃபாலோவைப் புதியவன் போட்டுவிட்டால் அப்புறம் அவனை அன்று ராத்திரி தூங்க வைக்க முடியாது!

கேரமில் நமக்குப் பெருமையும் அதிகம். 1991-ல் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற மரிய இருதயம் தமிழ்நாட்டுக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா சென்னைப் பெண். இப்படியிருக்க, நான் முதலில் கேரமே வாங்காமல் விட்டதை என்னவென்று சொல்ல!

அடுத்த வகை, ஒருவனுக்கு எதிராக எல்லோரும். 1983-ல் ஜெர்மனியில் வந்த ஸ்காட்லாந்து யார்டு இந்த வகை. ஒருவன் எக்ஸ் என்ற குற்றவாளி. மற்றவர்கள் துப்பறிவாளர்கள். எக்ஸ் டாக்ஸியில் போனானா, பஸ்ஸில் போனானா என்பது மட்டும் தெரியும். எங்கே இருக்கிறான் என்பது குறிப்பிட்ட சில நகர்வுகளில்தான் தெரியும். இடங்களுக்கெல்லாம் எண்தான், ஆங்கிலம் எதுவும் தேவையில்லை. ஐந்து பேர், ஆறு பேர் சேர்ந்தால் இதற்கு ஈடில்லை. தோற்றால் போலீஸ் இலாகாவே தோற்றது, தனி ஆள் யாரும் தலை குனிய வேண்டாம். எல்லோரும் ஒரே அணியாகி நோயை எதிர்த்து ஆடும் பாண்டமிக் என்ற ஆட்டமும் இருக்கிறது. 2008-ல் வந்தது, இரண்டிலிருந்து நான்கு பேர் ஆடலாம்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. சத்தமாகப் பேசுகிறவன் ஒருவனே எல்லோர் காயையும் நகர்த்திவிடுவான். "நீ 67-க்குப் போ, நீ பஸ்ஸைப் புடி" என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பான். மற்றவர்கள் கை மட்டும்தான் ஆடும். நாங்கள் வைத்த விதி: யார் முறையோ அவன்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அவன் தன் யோசனையைச் சொன்ன பிறகு மற்றவர்கள் பேசலாம். இந்த ஒரு விதியில் எத்தனை ஊமைகள் பேசினார்கள் தெரியுமா?

பிறகு நடந்தது

மிச்சமிருந்த பணத்தில் ஒரு கேரம் போர்டு, போரிக் பவுடர், ஒரு ஜோடி தாயக்கட்டை வாங்கினேன். ஸ்காட்லாந்து யார்டைப் படிப்பு முடித்துப் போன ஒரு சீனியர் அண்ணன் கொடுத்தார். போர்டு ஒரு பக்கம் சரிகிறது என்று சண்டை வந்தபோது, சிவில் நண்பர்கள் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் அடியில் அட்டை மடித்து வைத்துச் சரி செய்தார்கள். டிப்ளமோ படிப்பு வேறெதற்கு!

காசே செலவில்லாமல் இன்னொரு ஆட்டமும் சேர்த்தோம். வராந்தாவின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டக் கட்டம் வரைந்தேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. சேர்ந்து நின்று புலியை நகர முடியாமல் அடைக்க மட்டுமே தெரியும். இரண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டம். ஆகவே பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, கூட்டிப் பார்ப்பதுதான் நியாயம்.

நான் வரைந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு நிழல். அந்தத் தம்பிதான். தட்டைக் கழுவிவிட்டு அறைக்குப் போய்க்கொண்டிருந்தவன் நின்று பார்த்தான்.

"அண்ணா, ஒரு படுக்கைக் கோடு விட்டுப்போச்சு" என்றான்.

சாக்பீஸை நீட்டினேன். குனிந்து கோட்டைப் போட்டான். "ஆடலாமா?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு கையிலிருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஆடு அவனுக்கு, புலி எனக்கு. முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். இரண்டாவதில் என் மூன்று புலியும் மூலைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டன. "எங்க ஊர்ல கோயில் திண்ணைலயே இந்தக் கட்டம் செதுக்கியிருக்கும்ணா" என்றான். மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அவன் அப்புறம் பெரிய சூரன் ஆகிவிட்டான் என்றெல்லாம் கதை விடமாட்டேன். கேரமில் இன்னும் ஸ்டிரைக்கரைத்தான் குழிக்குள் போடுகிறான். ஆனால் தினமும் வருகிறான். எல்லோரோடும் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

சட்டென்று பார்க்க ஒரு பட்டியல்

இருவர், சம திறமை: செஸ், ஆடு புலி ஆட்டம், கேரம்.

இருவர், ஒருவர் புதியவர்: பல்லாங்குழி, ராணி விட்டுக்கொடுத்துச் செஸ்.

மூவர்: ஸ்காட்லாந்து யார்டு, கேட்டன்.

நால்வர்: கேரம் ஜோடி, தாயம்.

ஐந்து, ஆறு பேர்: ஸ்காட்லாந்து யார்டு. இல்லையென்றால் அலாரம் வைத்துப் பிசினஸ்.

எட்டுப் பேர்: தயவுசெய்து இரண்டு நான்காகப் பிரியுங்கள். எட்டுப் பேரை ஒரே பலகையில் உட்கார வைத்தால் நான்கு பேர் ஆடுவார்கள், நான்கு பேர் அரட்டை அடிப்பார்கள்.

எந்த ஆட்டமானாலும் விதிகளை ஆரம்பத்திலேயே பேசி முடியுங்கள். காசு வைத்து ஆடாதீர்கள். காசு வந்தால் நண்பன் போய்விடுவான்.

கடைசியாக ஒன்று

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அந்தத் தம்பியே அலமாரியைத் திறந்து ஸ்கிராபிளை எடுத்து வந்தான். "ஆடலாம்ணா. ஆனா ரெண்டு ரெண்டு பேரா. நடுவுல டிக்‌ஷனரி இருக்கணும், யார் வேணா பாக்கலாம்" என்றான். விதி அவன் போட்டது! நானும் அவனும் ஒரு ஜோடி. இரண்டாவது சுற்றிலேயே எங்கள் கையில் 'எஸ்' இருந்தது, 'பி' இருந்தது, 'என்' ஒன்றுதான் இருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்கண்ணா" என்றான்.

கோபமில்லாமல்தான் சொன்னான். எனக்குத்தான் பதில் வரவில்லை. ஆமாம் நண்பர்களே, அந்த மழை ராத்திரி அறையே சிரித்தது என்று எழுதினேன் அல்லவா? அந்த அறையில் நானும் இருந்தேன். பேரவைப் பணத்தில் நான் செய்த தப்புக் கணக்கை இந்த மலரில் ஒப்புக்கொள்வது சுலபம். இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

அடுத்த வருடம் பொது அறைச் சாவி வேறொருவர் கைக்குப் போகும். அவருக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முறை சுற்றிலும் பாருங்கள். ஜெயிக்கப்போகிறவனைப் பார்க்காதீர்கள், அவனுக்கு எந்த ஆட்டமும் சரிதான். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் நாளைக்கும் வருவானா என்று பாருங்கள். அவன் வருகிற ஆட்டம்தான் நல்ல ஆட்டம்.

செஸ் போர்டுகள் நான்கும் பத்திரமாக இருக்கின்றன. இஸ்திரி போடுவதற்கு மட்டும் தயவுசெய்து வேறு பலகை பாருங்கள்!

— விளையாட்டுச் செயலாளர், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்